வக்கீல் நடந்த பக்கம்

அத்தியாயம் ஒன்பது

"இந்தப் பொத்தானைக் கொஞ்சம் போட்டு விடு" என்று வலது கையை நீட்டினார் என் கணவர்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஏன், உங்களுக்குக் கை இல்லையா?" என்றேன்.

"இருக்கு. சட்டை தைக்கிறவன் வரவர பொத்தானை மிளகு அளவுக்குத் தைக்கிறான். நான் என்ன பண்ண?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டு விட்டேன். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, சட்டைக் கையில் ஒரு சொட்டு விழுந்து வட்டமாகப் பரவியது. "காஞ்சிடும்" என்றார். நாயைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

அவ்வளவுதான். பத்தரை மணிக்குப் பயிற்சி மைதானத்திலிருந்து போன் வந்தபோது, அந்த ஈரம் காய்ந்திருக்குமா என்றுதான் முதலில் யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் எப்படிப் போனது என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. அன்று இறந்துபோன என் கணவர் அந்த மைதானத்தை நடத்தி நாய்களைப் பழக்கியவர். எல்லோருக்கும் மாஸ்டர். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரே மகள், கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருக்கிறாள். மூன்றாம் மாடி வீட்டில் மிச்சம் இருந்தது நானும் வக்கீலும்.

வக்கீல் என்பது நாய். உட்கார் என்றால் உட்காரும். ஆனால் அதற்கு முன்னால் தொண்டைக்குள் இரண்டு வார்த்தை முனகிவிட்டுத்தான் உட்காரும். "எதிர்த்தரப்பு வாதத்தைப் பதிவு பண்ணாம விடாது" என்று சொல்லி அவர் வைத்த பெயர் அது.

குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கடிதம் வந்ததைப் போன வாரம் சொன்னேன். இத்தனை பெரிய நாய் கட்டடத்தில் இருக்க வேண்டுமானால், வீட்டில் யாராவது ஒருவர் அதை நடத்திக் காட்டித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறியவர் இறந்துவிட்டார். ஆகவே சனிக்கிழமை நான் தேற வேண்டும். தவறினால் ஞாயிற்றுக்கிழமை நாய் வெளியேற வேண்டும்.

நான் சொல்லப் போவது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை.

*

காலை ஆறு மணி. கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம். என் கொழுந்தனார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவரும் நாய்த் தொழில்தான். வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போக ஒரு விடுதி வைத்திருந்தார். எல்லோரும் சின்ன மாஸ்டர் என்பார்கள். பத்து நாளாக ஒரு நாள் தவறாமல் வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாய் வளர்ந்தும் கயிற்றைத் தொடாமல் இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பாடம் எடுப்பது லேசான வேலை இல்லை. அந்த மனிதருக்கு எப்படிக் கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தினமும் நினைப்பேன்.

"இடது கால், அண்ணி. முதல்ல இடது காலை வையுங்க. நாய்ப் பக்கம் இருக்கிற கால் நகர்ந்தாத்தான் அது கூட வரும்."

"வைக்கிறேன் தம்பி."

"ஹீல்னு சொல்லுங்க. கெஞ்சாதீங்க. சொல்லுங்க."

"ஹீல்."

ஹீல் என்றால் கூடவே நட. ஆனால் நாய் கூடவே நடப்பது என்றால் சும்மா பக்கத்தில் வருவது இல்லை. அதற்கு ஒரு இடம் இருக்கிறது. நாயின் காது நம் பேன்ட்டின் பக்கத் தையலுக்கு நேராக இருக்க வேண்டும். தோள் முழங்காலைத் தாண்டக் கூடாது. காலுக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. கயிறு தொய்ந்து தொங்க வேண்டும். நாம் நின்றால், சொல்லாமலே அதுவும் நேராக உட்கார வேண்டும். தேர்வில் இதெல்லாம் இடது பக்கம்.

வக்கீல் எட்டு அடி ஒழுங்காக வந்தது. நான் நின்றேன். அது நிற்கவில்லை. எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் என் வலது பக்கத்தில் முனகிக்கொண்டே உட்கார்ந்தது. கயிறு என் முழங்காலுக்குப் பின்னால் சுற்றி இறுகியது.

"மறுபடியும் அதே" என்றார் கொழுந்தனார்.

"தினமும் இதைத்தானே செய்யுது தம்பி. ஏன்?"

"அண்ணன் போனதுல இதுக்குப் புத்தி கலங்கிடுச்சு. பழகினதெல்லாம் போச்சு."

"அஞ்சு வருஷம் பழகினது ஆறு வாரத்துல போகுமா?"

"மனுஷனே மறந்துடறான் அண்ணி. இது நாய்."

மதிலோரமாக நடக்கச் சொன்னார். மதிலுக்கும் என் இடது காலுக்கும் நடுவில் நாய். பின்னால் சுற்ற இடம் இருக்காது. "நல்லா ஒட்டி நடங்க, நசுங்கினாலும் பரவாயில்லை, அப்பத்தான் புரியும்" என்றார். ஒட்டி நடந்தேன். வக்கீலின் முதுகு காரைச் சுவரில் உராய்ந்து முடி ஒட்டிக்கொண்டது. பாதியில் அப்படியே படுத்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, நீளமாக, ஒரு பத்தி அளவுக்கு முனகியது.

"வாதம் ரொம்பப் பலமா இருக்கு" என்றேன்.

கொழுந்தனார் சிரிக்கவில்லை. "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. சனிக்கிழமை அத்தனை பேர் முன்னாடி தோத்துட்டு அனுப்புறதை விட இப்பவே என்கிட்ட விட்டுடுங்க. சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வர்றேன். நீங்க எப்ப வேணா வந்து பார்த்துக்கலாம்."

"ஒரு நாள் யோசிக்கிறேனே."

"யோசிக்க என்ன இருக்கு? உங்களுக்கு அச்சகம், இதுக்கு மைதானம். அஞ்சு மணிக்கு வர்றேன்."

சரி என்று தலையாட்டினேன். எனக்காக இவ்வளவு அலைகிறவரிடம் வேறு என்ன சொல்வது?

*

மேலே வந்ததும் அழுக்குத் துணிக் கூடையை எடுத்தேன். அவருடைய கடைசி இரண்டு பேன்ட் ஆறு வாரமாக அதில் கிடந்தது. நாயும் போகப் போகிறது, இதையும் துவைத்துவிட்டால் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது என்று இருக்கும்.

அவர் பேன்ட் எல்லாவற்றிலும் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். வேகவைத்த ஈரல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கையைத் தையலோடு ஒட்டி வைத்துத்தான் நாயை நடத்துவார். நாயின் மூக்கு அங்கேயே இருக்கும். நாளடைவில் தையலோரம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, உள்புறத்தை வெளியே திருப்பி, பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான்.

அன்று திருப்பவில்லை. படுக்கையில் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்து என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கறை என் வலது கைப் பக்கம் இருந்தது.

இன்னொன்றையும் வைத்துப் பார்த்தேன். அதிலும் வலது. அலமாரியைத் திறந்து, அவர் போடுவதை விட்டிருந்த பழைய பேன்ட்டை எடுத்தேன். எத்தனை துவைத்தும் போகாத நிழல் மாதிரி ஒரு கறை. இடது.

திருப்பிப் போட்டுத் துவைக்கிறவளுக்கு எது இடது, எது வலது? ஒரு பக்கம் அழுக்கு, தேய்த்தேன். ஜன்னலிலிருந்து அவர்கள் தெருவில் போவதை நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு ஆள், ஒரு நாய். எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் இடது என்று சத்தியமே செய்திருப்பேன். மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். நன்றாகத் தெரிந்த சொல்லை நாம் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. பிழை தப்பிப்பது அங்கேதான்.

கயிற்றை வலது கையில் பிடித்தேன். வக்கீலை எழுப்பினேன். நாய்ப் பக்கம் இருக்கிற கால் முதலில் நகர வேண்டும் என்றுதானே கொழுந்தனார் சொல்லிக் கொடுத்தார். வலது காலை எடுத்து வைத்தேன்.

"ஹீல்."

படுக்கையறையிலிருந்து வாசற்கதவு வரை பதினாலு அடி. கயிறு என் கையில் இருப்பதே தெரியவில்லை. காது தையலுக்கு நேராக, ஒரு கை இடைவெளி விட்டு, என் கூடவே வந்தது. நான் நின்றேன். உட்கார்ந்தது. நேராக.

முனகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தி கலங்கவும் இல்லை, ஒன்றும் மறக்கவும் இல்லை. பழகிய இடத்துக்குத்தான் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்தான் சுவரோடு வைத்துத் தேய்த்திருக்கிறேன். திரும்பவும் நடந்தேன். திரும்பவும் சரி. மூன்றாவது தடவை பாதி வழியில் நின்றுவிட்டேன்.

இடது பக்கம் நடந்த நாயை வலது பக்கம் மாற்றியது யார்? அவரைத் தவிர யாரும் இல்லை. ஏன் மாற்ற வேண்டும்?

இடது கை கயிற்றைப் பிடிக்க முடியாமல் போயிருந்தால் மாற்றுவார்.

நம் வலது மணிக்கட்டுப் பொத்தானை நாம் எந்தக் கையால் போடுகிறோம் என்று வாசற்கதவருகில் நின்று போட்டுப் பார்த்தேன்.

*

மகள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அவள் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிறவள். விழுந்தவர்கள், வாதம் வந்தவர்கள் எல்லாம் அவளிடம் போவார்கள்.

"அப்பாவுக்கு இடது கையில என்ன?" என்று கேட்டேன்.

மூடியைத் திறந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "எந்தக் கைம்மா?"

"இடதுன்னு சொல்லிட்டேனே. கைன்னது மட்டும் உன் காதுல விழுது, என்னன்னு கேட்டது விழல."

அவள் உட்கார்ந்தாள். டப்பா மூடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி என் கிளினிக்குக்கு வந்தார். நம்பர் சீட்டு வாங்கி வரிசையில உட்கார்ந்திருந்தார்ம்மா, மத்தவங்க மாதிரி. என் முறை எப்போன்னு என்கிட்டயே கேட்டு கிண்டல் பண்ணார். விரல்ல பிடிப்பு இல்லை, கொஞ்ச நாளா இப்படி இருக்குன்னார். நான்தான் பெரிய டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போனேன். கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு. ஆபரேஷன் பண்ணிடலாம்னாங்க."

"அதுக்கு?"

"யோசிக்கிறேன்னார்."

"மூணு மாசமா?"

அவள் மடியிலிருந்த மூடியைத் திருப்பி வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டார்மா. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வாசப்படி தாண்ட விடமாட்டா, நாயைத் தொட விடமாட்டான்னு..."

"விட்டிருக்க மாட்டேன்" என்றேன். "ஆபரேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். நாலு நாள் என்னோட பேசியிருக்க மாட்டார். அப்புறம் இதோ, இந்த நாற்காலியில உட்கார்ந்து என் சமையலைக் குறை சொல்லிட்டிருப்பார்."

"நானும் தினமும் அதையேதான் நினைக்கிறேன்."

"நினைச்சுக்கோ."

அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவளும் எழுந்து போகவில்லை. நாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

மகள் மேல் வந்த கோபத்துக்கு ஒரு பேர் இருந்தது. அவர் மேல் வந்ததற்கு இல்லை. ஒரு நாயின் பக்கத்தை மாற்றுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும், சாப்பிடும்போதெல்லாம் அதைத்தானே பேசுவார். கோபப்படக் கூடாது. அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு அடியாக, ஒவ்வொரு துண்டு ஈரலாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அத்தனை நாள் விடியற்காலையில் எழுந்து போய், இந்தக் கை போய்விட்டது, இனிமேல் இந்தப் பக்கம் வா என்று நாய்க்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்.

"நாயை எப்போ மாத்தினார்?" என்று கேட்டேன்.

"எந்த நாயை? என்ன மாத்தினார்?"

அவளுக்கு அது தெரியாது. கயிற்றை எடுத்து நடத்திக் காட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரியாக யோசித்தாள். "சனிக்கிழமை இப்படியே நடத்த விடுவாங்களான்னு கேளும்மா. போனைப் போடு."

*

தேர்வு வைக்கிற அம்மாளின் நம்பர் செயலாளர் கடிதத்தின் அடியில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அதட்டிப் பழகிய கரகரத்த குரல்.

"வலது பக்கம் தாராளமா நடத்தலாமே. என்ன காரணம்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான். நாய் அப்படித்தான் பழகியிருக்குன்னு எழுதுங்க, போதும். நாளைக்குள்ள அனுப்பிடுங்க."

"சரிங்க. நாய் அப்படிப் பழகியிருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"இன்னைக்குத்தானா? மாஸ்டருக்கே நாங்க அப்படித்தானே அனுமதி கொடுத்தோம். போன வருஷம் புதுப்பிக்கும்போது வலதுலதான் நடத்திக் காட்டினார். பதினோரு மாசம் இருக்கும்."

மகள் என் கையைப் பிடித்தாள். பதினோரு மாசம்.

"அவர் தம்பிதான் கடிதம் கொண்டு வந்து கொடுத்தார், டாக்டர் சீட்டோட. இப்போ உங்களைப் பழக்குறவரும் அவர்தானே? அவர் சொல்லலையா?"

"இல்லைங்க" என்றேன். "மறந்திருப்பார்."

போனை வைத்த பிறகு மகள் சொன்னாள், "என்கிட்ட வந்தப்போ கொஞ்ச நாளாத்தான் இப்படின்னு சொன்னாரே. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்னு நினைச்சுட்டிருந்தேன்." சொல்லும்போது சின்னப் பெண் மாதிரி இருந்தாள். "பெரிய டாக்டர்கிட்ட கூட, இதுக்காக முதல் தடவையா டாக்டரைப் பார்க்கிற மாதிரியே கதவைத் தட்டிட்டு நின்னார்மா."

எனக்குத் தெரியாமல் அவளும் அவரும் ஒரு பக்கம் என்று இருந்தேன். அவளும் வெளியேதான் நின்றிருக்கிறாள். டப்பாவைத் திறந்து இரண்டு தட்டில் போட்டேன். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

*

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. பின்னால் கம்பிக் கூண்டு, அதற்குள் பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஒரு நொடி மனசு இளகியது உண்மை.

படியிறங்கி வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தேன். கயிறு வலது கையில். வலது காலை வைத்தேன். சத்தமாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மதிலோரமாக, காலையில் ஒட்டிய முடி இன்னும் இருந்த இடத்தைத் தாண்டி, நீளவாக்கில் நடந்து போய்க் கொழுந்தனாருக்கு நேர் எதிரில் நின்றேன். வக்கீல் உட்கார்ந்தது.

அவர் நாயைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். இது என்ன அண்ணி புதுசா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேன்.

"பத்து நாள், விடிஞ்சும் விடியாம வந்து நின்னீங்களே தம்பி. இதைச் சுவரோட வெச்சு நசுக்கச் சொன்னீங்களே."

"அண்ணன் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார்."

"அவர் இருந்தவரைக்கும் சரி. அதுக்கப்புறம்?"

அவர் கூண்டுக் கதவைத் திறந்து மூடினார். "இதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கு நாய்னாலே பயம். இது தெருவுல நடந்து போறதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் அண்ணனைத் தேடி வந்தாங்க. என்கிட்ட இருந்தா மைதானம் நடக்கும். அவர் பேரும் நிக்கும்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

"கொடுத்திருப்பேன். இன்னைக்குக் காலையில வரைக்கும்."

அவருக்கு முகம் சுருங்கியது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னலைப் பாதி இறக்கினார்.

"அண்ணன் என்கிட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கார். வக்கீல் யார்கிட்ட இருக்கணும்னு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் எடுக்கல. சனிக்கிழமை கொண்டு வர்றேன்."

"கொண்டு வாங்க. அவர் எனக்கு எழுதாத கடிதத்தை நானும் படிக்கணும்."

வண்டி போய்விட்டது. அவர் சொன்னது பொய் என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் அன்று காலையில் இருந்து நான் கேட்டதில் பொய்யாகத் தோன்றியதெல்லாம் உண்மையாக இருந்தது.

மேலே வந்தபோது மகள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"பெரிய டாக்டர் கொடுத்த அட்டை. இதுதான்மா கடைசி. இனிமே என்கிட்ட உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை."

"பார்த்துப் போ" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது.

சனிக்கிழமைக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். நாய் வலது பக்கம் பழகியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. பிறகு அட்டையைத் திறந்தேன். அவர் பெயர், வயது, ரத்த அழுத்தம், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி. கடைசி வரியில் தேதியும் நேரமும் மட்டும் போட்டு, எதிரில் காலியாக விட்டிருந்தார்கள். அடுத்த வருகை, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால்.

சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். நாளை மறுநாள். அதை யாரும் ரத்து செய்திருக்கவில்லை.